மூக்கு கொஞ்சம் கீழே

"ஜன்னல் பக்கம் திருப்பு," என்றார் அப்பா.

மகள் விமானத்தை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம் அதன் இறக்கை. எடை என்று பார்த்தால் பெரிதில்லை, ஒரு கைக்குழந்தையைவிடக் குறைவுதான். ஆனால் அசையாமல் பிடித்துக்கொண்டே நின்றால் எதுவும் கனக்கத்தான் செய்யும். அவள் திரும்பினாள். காலை வெயில் சிவப்பு இறக்கையின் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

அப்பா தலையணையில் கன்னத்தை அழுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கார்களுக்குப் பெயின்ட் அடித்தே வாழ்நாளைக் கழித்தவர். கதவோடு கண்ணை ஒட்டிவைத்து, வெளிச்சம் எங்கே நெளிகிறது என்று பார்த்தே குறையைச் சொல்லிவிடுவார். அந்தப் பார்வை மட்டும் இன்னும் அப்படியே இருந்தது. மிச்சத்தையெல்லாம் அந்தப் பெயின்ட் புகையே உள்ளே போய்த் தின்றுவிட்டது. மூக்கில் பிளாஸ்டிக் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் பகலும் இரவுமாக இரைந்துகொண்டிருந்தது.

"மோட்டர் மேல பாத்துட்டிருக்கு," என்றார்.

"நேராத்தான்பா இருக்கு. மட்டம் வெச்சுப் பாத்தேன்."

"நேரா இருக்கக் கூடாது. மூக்கு..." மூச்சு வாங்கினார். "மூக்கு கொஞ்சம் கீழ பாக்கணும். பழைய எஞ்ஜின் அப்படித்தான் இருந்தது. கழட்டி, பின்னாடி வாஷர் குடு. மேல் பக்கம்."

அவளுக்குக் கை கடுத்தது. முந்தின நாள் முழுவதும் அந்த மூக்கோடுதான் மல்லுக்கட்டியிருந்தாள். மோட்டாரை மறுபடியும் பூட்டி, ஒயர்களை உள்ளே ஒதுக்கி, பேட்டரி மூடியை மூடி, இத்தோடு முடிந்தது என்று மூச்சுவிட்டிருந்தாள்.

"போன தடவை வந்தப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா. அப்ப மூடியில இடைவெளி இருக்குன்னீங்க. அதுக்கு முன்னாடி வால். அதுக்கு முன்னாடி கலர்." குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "இனிமே எதையும் கழட்ட மாட்டேன். போதும்."

அப்பா மூடியிருந்த கண்ணையும் திறந்து அவளைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி. போதும்னா போதும்," என்றார்.

நேராகக் கொண்டுபோனால் இறக்கை வாசலில் இடிக்கும். அவள் விமானத்தைச் சாய்த்து, முதலில் ஒரு பக்கத்தை நுழைத்து, உடம்பை வளைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள்.

*

அவளுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வேறு ஊரில். எந்தக் கட்டடத்திலாவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பார்கள், அதனால் லீவு போட முடியாது என்பாள். அது முழுப் பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வந்தால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் மிச்ச உண்மை. அம்மா கேட்கிற கேள்விகளுக்கு அவளிடம் பதில் இருக்காது. அப்பா கேள்வியே கேட்க மாட்டார். வந்த மறுநாளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அப்பாவின் நுரையீரலில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் எதிர்ச் சுவரை வெகுநேரம் பார்த்தார்கள். அப்போதுதான் பீரோவுக்கு மேல், பழைய போர்வைக்குள், ஒரு வால் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவும், அதே வொர்க் ஷாப்பில் டிங்கரிங் பார்த்த அவருடைய சிநேகிதரும் சேர்ந்து கட்டிய விமானம் அது. லேசான பால்சா மரத்தைச் சீவி, விலா எலும்புபோல அடுக்கி, மேலே மெல்லிய காகிதம் போர்த்திச் சாயம் பூசியிருந்தார்கள். மூக்கில் கைப்பிடிக்குள் அடங்குகிற ஓர் எஞ்ஜின். ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றினால் காது கிழிய ஓடுமாம். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோதே அதைப் போர்வையில் சுற்றி மேலே போட்டுவிட்டார்கள். இப்போது காகிதம் கிழிந்து தொங்கியது. எண்ணெய் குடித்த மூக்கு கருத்து, நகம் பட்டாலே குழிந்தது.

"கார்புரேட்டரைக் கழுவினா ஓடும்," என்றார் அப்பா. அன்று வாய்திறந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வீட்டில் ஆக்சிஜன் இருக்கும்போது அந்த எரிபொருளை வாசற்படி தாண்டிக்கூடக் கொண்டுவர முடியாது என்று அவள் சொன்னாள். அது கக்கும் புகையில் அவர் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. எஞ்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்துவிடலாம், பேட்டரியில் ஓடும், சத்தமும் இருக்காது, புகையும் இருக்காது. மோட்டார் அவளுக்குத் தெரிந்த விஷயம்தானே. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், "சரி, உன் இஷ்டம். மிக்ஸிக்கு ரெக்கை முளைச்ச மாதிரி இருக்கும். இருக்கட்டும்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையை அது பிடித்துக்கொண்டது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தக் கோந்தும் ஒட்டாது. முகப் பவுடரைக் கொட்டி ஊறவிட்டாள். பவுடர் எண்ணெயை உறிஞ்சியும் தேறாத மரத்தை வெட்டி எறிந்தாள். பிளைவுட்டில் புது முகப்பு செய்தாள். பழைய எஞ்ஜின் கனம், மோட்டார் லேசு. அதனால் எரிபொருள் டேங்க் இருந்த பள்ளத்தையும் தாண்டி, மூக்கு நுனிவரை பேட்டரியைத் தள்ளவேண்டியிருந்தது. அப்போதுதான் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் வால் பக்கமும் சாயாமல் தலைப் பக்கமும் சாயாமல் நின்றது. அவள் ஒவ்வொன்றையும் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினாள். அப்பா விரலால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். குடும்பமே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. சாப்பிடுகிற இடத்தில் கருமாந்திரத்தைப் பரப்பிவைத்திருக்கிறார்கள் என்று அம்மா தினமும் திட்டினாள்.

முடிந்தது என்று அவள் சொன்ன பிறகுதான் குறைகள் ஆரம்பித்தன. இந்தச் சிவப்பு அந்தச் சிவப்பு இல்லை, பழையது இவ்வளவு காரமாக இருக்காது என்றார். இறக்கையில் காகிதத்துக்குப் பதிலாக இஸ்திரி போட்டு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை முழுவதையும் உரித்தாள். வேறு சிவப்பு தேடிக் கடை கடையாக ஏறினாள். அது முடிந்தால் வாலின் கீல் இறுக்கம். அது முடிந்தால் பேட்டரி மூடியில் வெளிச்சம் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் ஊருக்குக் கிளம்பும்போது, அடுத்த லீவில் வந்து பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். சொன்னபடி வரவும் செய்தாள்.

*

விமானத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே அம்மா ஈரத் துணியால் அப்பாவின் கழுத்தைத் துடைப்பதும், தலையணையைத் தட்டிப் போடுவதும் கேட்டது. போதும் என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. போய்ச் சொல்லலாமா என்றும் தோன்றியது. என்னவென்று சொல்வது? அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

மோட்டாரைப் பிடித்திருந்த நான்கு திருகுகளில் மூன்று கழன்று வந்தன. உதிரித் திருகுகள் கிடந்த டப்பாவைக் கொட்டி, இருப்பதிலேயே மெல்லிய வாஷராக இரண்டைப் பொறுக்கினாள். மூக்கு கொஞ்சம்தானே கீழே பார்க்க வேண்டும்.

"இங்க வாயேன்," என்று அம்மா கூப்பிட்டாள்.

மோட்டார் ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை விரல் நுனியில் வாஷர். "ரெண்டு நிமிஷம்மா," என்றாள்.

அம்மா இன்னொரு தரம் கூப்பிட்டாள். பெயர் சொல்லாமல், வெறுமனே ஒரு குரல். மகள் அதற்கும் ஏதோ பதில் சொன்னாள். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. அம்மாவே எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ஈரத் துணி இன்னும் கையில் இருந்தது.

"மூச்சு வரலடி," என்றாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

மகள் போய்ப் பார்த்தபோது அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. அவள் மூக்கருகே உள்ளங்கையை வைத்தாள். காற்று பட்டது. இதமாக, விடாமல், கையில் காற்று பட்டுக்கொண்டே இருந்தது. "வருதும்மா," என்றாள். "வருது." அப்புறம்தான் அது குழாயிலிருந்து வருகிற காற்று என்று புரிந்தது.

குழாயை அவர் காதுகளிலிருந்து மெதுவாக விடுவித்தாள். கன்னத்தில் அதன் தடம் பதிந்திருந்தது. குனிந்து மெஷினின் சுவிட்சை அணைத்தாள். இத்தனை மாதமாக அந்த இரைச்சல் இருந்தது அந்த வீட்டுக்கு மறந்தே போயிருந்தது. அது நின்றதும் தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிப் போவதுகூடக் கேட்டது. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாஷர் மகளின் விரலில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

*

பிறகு செய்யவேண்டியவை வரிசையாக வந்து நின்றன. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. வெளியூரில் இருந்த தம்பிக்கு ஃபோன் செய்தாள். கிளம்பிட்டேன் என்று மட்டும் சொன்னான் அவன். டீ டம்ளர்களை வைப்பதற்கு மேசை வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று இறக்கையை நடுவில் அமுக்கித் தூக்கப் போனார். அவள் அவர் கையை விலக்கி, விமானத்தைத் தானே எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். தொங்கிய மோட்டார் நடக்கும்போதெல்லாம் மரத்தில் தட்டிற்று.

திரும்பி வந்தபோது அம்மா கட்டிலின் பழைய விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். முனையோடு முனை சேர்த்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினாள்.

"கூப்பிட்டப்பவே வந்திருக்கலாம்," என்றாள், விரிப்பைப் பார்த்தபடியே.

மகள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். அதற்குள் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள்.

மத்தியானம் தம்பி வந்தான். அப்பாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தவன் குழந்தைபோல உடைந்து அழுதான். அழுது ஓய்ந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, அக்காவின் தோளைப் பிடித்தான். "நல்லவேளைக்கா, நீயாவது பக்கத்துல இருந்தே," என்றான். அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, டம்ளர்களைக் கழுவப் போனாள். கழுவியவற்றையே மறுபடியும் கழுவினாள்.

சாயங்காலம் அப்பாவின் சிநேகிதர் வந்தார். அவருக்கு 'மீசை' என்று பெயர். மீசையை எடுத்துப் பல வருஷமாகிறது, பெயரை எடுக்கத்தான் ஆளில்லை என்று அப்பா சொல்வார். அவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை மீசை மாமா என்றே கூப்பிட்டு வந்தாள். ஊன்றுகோலோடு பஸ் மாறி வந்திருந்தார். நண்பனின் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, எழுந்து அவளைத் தேடிக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"எங்க அது?" என்றார்.

விமானம் கட்டிலின் குறுக்கே கிடந்தது. அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, இறக்கையின் மேல் கையை ஓடவிட்டார். அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினார். அவர் கை நடுங்கியது. விமானம் நடுங்கவில்லை, மட்டமாக நின்றது. உதட்டைப் பிதுக்கித் தலையாட்டிக்கொண்டார். தொங்குகிற மோட்டாரை அப்போதுதான் கவனித்தார்.

"இதை ஏன்மா கழட்டிப் போட்டிருக்கே?"

"மூக்கு கொஞ்சம் கீழ பாக்கணும், வாஷர் போடுன்னாரு."

"எப்ப?"

"இன்னிக்கு. காலைல."

மாமா அவளைக் குழப்பத்தோடு பார்த்தார். "எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு நினைச்சேனே. மழை தொடங்கறதுக்கு முன்னாடியே உங்கப்பன் ஃபோன் பண்ணினான். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை இளைக்குது, ஆனா ஒரே சந்தோஷம். 'என் பொண்ணு முடிச்சிட்டாடா, நாம கட்டினதைவிட நல்லா வந்திருக்கு'ன்னான். அப்பக் கொண்டு வா, பறக்க விட்டுப் பாத்துடுவோம்னேன். இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்னான்."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழைக்கு முன் என்றால் முதல் சிவப்பு. அவள் உரித்துப் போட்ட சிவப்பு.

"கலர் தப்புன்னாரே மாமா. பழைய சிவப்பு இதில்லன்னாரே."

"பழைய சிவப்பா?" மாமா சிரிக்கவந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். "வொர்க் ஷாப்ல எந்தக் காருக்கு அடிச்சது மிச்சமிருந்ததோ அதை எடுத்து அடிச்சோம். ஒவ்வொரு தடவை ஒடிஞ்சு ஒட்டும்போதும் ஒவ்வொரு சிவப்பு." அவள் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வெளியில் உட்காருகிறேன் என்று சொல்லி நகர்ந்தார்.

*

மறுநாள் காலையில் அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. எல்லாம் முடிந்து வீடு திரும்பி, வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்ற பிறகு, மகள் அப்பாவின் அறைக்குப் போனாள். ஆக்சிஜன் மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து நீளமான குழாயைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் மேடையில் பழைய எஞ்ஜின் இருந்தது. அப்பா அதைத் துடைத்து வைத்துக்கொண்டு, சும்மா கிடக்கும் நேரத்தில் விரலால் சுற்றிவிடுவார். பொக் என்று ஒரு சத்தம் வரும்.

மகள் எதிரே உட்கார்ந்தாள். மாமா சொன்னதைச் சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்," என்றாள் அம்மா. குழாயை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, "சிவப்பு நான் சொன்னது," என்றாள்.

மகள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணும் தோணல. நல்லாப் பண்ணிட்டாளே, இதுல என்னத்தைக் குறை சொல்றதுன்னு என்னையே கேட்டாரு. கலர் சரியில்லன்னு சொல்லுங்க, அதுதான் ஜாஸ்தி வேலை வைக்கும்னேன். மூடியில இடைவெளின்னு சொன்னதும் நான்தான். வால் மட்டும் அவரே யோசிச்சது."

"தினமும் திட்டினியேம்மா. மேசையை அடைச்சிட்டிருக்குன்னு."

"பின்ன? அடைச்சிட்டுத்தானே இருந்தது."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு வேறெதுவாகவோ மாறப் பார்த்ததால் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! உரித்ததும் ஒட்டியதும் உரித்ததும். இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் அடுத்த அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு அந்த முதுகே போதுமாக இருந்திருக்கிறது. அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"சும்மா வந்து இருன்னு கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"கூப்பிடாமலா இருந்தோம்?" என்றாள் அம்மா.

குறையாகச் சொல்லவில்லை. லிஃப்ட் மாட்டிக்கொண்டது, ஆள் குறைவு, அடுத்த மாதம் பார்க்கலாம். ஃபோனை இடது தோளில் இடுக்கிக்கொண்டு, ஒயரைச் சீவியபடி அவள் அம்மாவுக்குச் சொன்ன பதில்கள்.

"அந்த வாஷர்?" என்றாள் கடைசியாக. "நேத்துக் காலைல சொன்னாரே, அதுவும் நீ சொன்னதா?"

"எந்த வாஷர்?" அம்மா யோசித்தாள். "அது எனக்குத் தெரியாது. என்கிட்ட ஒண்ணும் கேக்கல."

"அதைத்தான் போட்டுட்டிருந்தேன். நீ கூப்பிட்டப்ப."

குழாயைச் சுற்றிய கை நின்றது. அம்மா மகளைப் பார்க்கவில்லை. சுற்றிய வளையத்தின் நுனியை உள்ளே சொருகி, மெஷினின் மேல் வைத்தாள்.

*

தம்பி அவசர வேலை என்று கிளம்பிப் போனான். மீசை மாமா மட்டும் தங்கினார். ஒரு நாள் காலையில் டீயை ஆற்றிக்கொண்டே, நான் ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை அதை விட்டுப் பாத்துடலாமா என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அவளுக்குப் பறக்கவிடத் தெரியாது. கை நடுங்கினாலும் அவருக்குத்தான் தெரியும். அவள் சரி என்றாள். அம்மா, தானும் வருவதாகச் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர்கள் அதைப் பறக்கவிடும் மைதானத்துக்குப் போனதில்லையாம். "வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாக்சியில் இறக்கையைக் கழற்றி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போனார்கள். ஊரின் கடைசித் தெருவைத் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் மைதானம். புல் மழையில் வளர்ந்து, பிறகு காய்ந்திருந்தது. தரையில் போர்வையை விரித்து, அவள் இறக்கையைப் பூட்டினாள். மோட்டார் இன்னும் ஒற்றைத் திருகில்தான் இருந்தது.

மாமா பக்கத்தில் குந்தினார். "ஒண்ணு சொல்லட்டுமா? வாஷர் இல்லாம ஒரு தடவை விட்டா தெரிஞ்சிடும். அவன் சொன்னது நிஜம்னா, வேகம் குடுத்ததும் மூக்கைத் தூக்கிட்டுப் போகும். இல்லன்னா நேராப் போகும்."

அவள் வாஷர்களை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மூக்கைத் தூக்கினால், சாகக் கிடந்தவர் கடைசியாக, நிஜமாகவே தேவைப்பட்டுக் கேட்ட ஒன்றுக்குப் போதும் என்று சொல்லியிருக்கிறாள். நேராகப் போனால், மூச்சு நிற்கப்போகிற காலையிலும் அவளை இன்னொரு நாள் இருக்கவைக்க அவர் ஒரு குறையைத் தேடியிருக்கிறார், அதுவும் இந்தத் தடவை யாரையும் கேட்காமல் தானாகவே. எது தெரியவந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஊருக்குப் போகவேண்டும்.

"போட்டுடறேன் மாமா," என்றாள்.

மேல் பக்கத் திருகுகள் இரண்டிலும் வாஷரைக் கோத்து, நான்கையும் ஒவ்வொன்றாக இறுக்கினாள். மூக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கொஞ்சம் கீழே குனிந்தது.

பேட்டரியை இணைத்து மூடியை மூடினாள். மாமா, அவள் வாங்கிவைத்திருந்த ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதன் குச்சியைப் பிடித்ததும் அவர் விரல்கள் அடங்கின. அவள் வாலைப் பிடித்துக்கொண்டாள். மூக்கில் காற்றாடி சுழல ஆரம்பித்து விமானம் அவள் கையை இழுத்தது. அவள் எதிர்பார்த்ததைவிடப் பலமாக இழுத்தது. விட்டுவிடு என்று மாமா சொன்னபோதும் ஒரு கணம் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு விட்டாள்.

புல்லில் தடதடத்து ஓடியது. ஒரு மேட்டில் தட்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அதன் பிறகு சக்கரங்களுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. ஏறியது. அவசரப்படாமல், முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு ஏறியது. வாஷரால் அப்படி ஏறியதா, இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஏறியிருக்குமா என்று இனி சொல்வதற்கில்லை. மாமா வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை ஓய்வில்லை.

தொழிற்சாலைச் சுவருக்கு மேல் போய் அது திரும்பிற்று. அதன்பின் சத்தமே இல்லை. காய்ந்த புல் உரசுவதுதான் கேட்டது.

அம்மா போர்வையின் ஓரத்தில் நின்று, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, வானத்தின் இன்னொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. காதுக்கு எதுவும் எட்டாமல் கண்ணும் வழி தவறியிருந்தது. கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, இல்லாத இடத்தில் விடாமல் தேடினாள்.

"எங்கடி இருக்கு?" என்றாள்.

மகள் பின்னால் போய் நின்றாள். கையில் புல்லும் புழுதியும் ஒட்டியிருந்தன. தன் புடவையில் துடைத்துக்கொண்டு, அம்மாவின் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாகத் திருப்பினாள்.